அளவு மாறின் பண்பு மாறும்
(நானோப் பொருள்கள்: வேதியியலிலும் மருத்துவத்திலும்)

முன்னுரை

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. ஒரு பொருள் எவ்வளவு சிறுத்தாலும் அதன் இயல்பு மாறாது என்னும் நம்பிக்கை இப்பழமொழியின் அடியில் உள்ளது. அன்றாட வாழ்வில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஒரு பவுன் நகையும் பொன். பொற்கொல்லர் அரத்தால் அராவும்போது உதிரும் பொடியும் பொன். இரண்டும் மஞ்சள் நிறத்தன, இரண்டும் துருப்பிடிப்பதில்லை, இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகுவன.

ஆயின் சிறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து பொருளை மேலும் சிறிதாக்கினால் அதன் நிறம் மாறுகிறது. வினைபுரியும் ஆற்றல் மாறுகிறது. உடலுக்குள் அது செல்லும் வழியும் மாறுகிறது. பொருள் அதுவே, அளவு மட்டுமே வேறு. இவ்வாறு அளவினால் பண்பு மாறும் பொருள்களை ஆராய்வதே நானோ அறிவியல். அளவு ஏன் பண்பை மாற்றுகிறது, அம்மாற்றம் வேதியியலிலும் மருத்துவத்திலும் எவ்வாறு பயன்படுகிறது, அதில் நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கை யாது என்பவற்றை இக்கட்டுரை பெரும்பாலும் பொன்னையே சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகிறது.

நானோ: சொல்லும் அளவும்

'நானோ' என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அளவையியலில் அது நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும். ஒரு மீட்டர் நீளத்தை 100 கோடி கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். தமிழில் 'மீநுண்' என்று இதனை வழங்குவோரும் உளர். எனினும் 'நானோ' என்னும் சொல்லே பாடநூல்களிலும் பேச்சிலும் நிலைபெற்றுவிட்டது.

இவ்வளவை மனத்தில் வாங்கிக்கொள்ளச் சில ஒப்பீடுகள் உதவும். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். குருதியிலுள்ள சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவுடையவற்றையே நானோப் பொருள்கள் என்பர். அவை தனி அணுவும் அல்ல. நாம் கண்ணால் காணும் கட்டியும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பன. 'நானோ தொழில்நுட்பம்' என்னும் தொடரை 1974ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆண்டவர் ஜப்பானிய அறிஞர் நோரியோ தனிகுச்சி ஆவார்.

காரணம் அறியாத கைவினை

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்னும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உள்ளது. அது கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒளி படும்போது பச்சையாகத் தோன்றும் அக்கிண்ணம், உள்ளே விளக்கை வைத்தால் செக்கச்சிவந்து காணப்படும். அக்கண்ணாடியில் பொன்னும் வெள்ளியும் கலந்த, ஏறத்தாழ 70 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் பரவியிருப்பதே இதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் ஈராக்கில் வனையப்பட்ட மினுக்கப் பூச்சுப் பாண்டங்களும் இவ்வகையினவே. வெள்ளியும் செம்பும் நானோத் துகள்களாக மெருகில் படிந்ததனால், வெறும் மண்கலம் பொன்கலம்போல் ஒளிர்ந்தது. தென்னிந்தியாவில் உருக்கப்பட்டு மேற்காசியச் சந்தைகளுக்குச் சென்ற எஃகு, ஐரோப்பியரால் 'வூட்சு' எனப் பெயர் பெற்றது. இப்பெயர் நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களோடு உறவுடையது எனக் கருதப்படுகிறது. இவ்வகை எஃகினால் செய்யப்பட்ட, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரி நானோக் குழாய்களைக் கண்டதாக ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இத்தகைய செய்திகளைக் கேட்டதும், நானோ அறிவியல் முழுவதும் முன்னோர் அறிந்ததே எனக் கூற முற்படுவோர் உளர். அவர்தம் பெருமிதம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் செய்யத் தெரிவதும் காரணம் தெரிவதும் வெவ்வேறு. உரோமானியக் கண்ணாடி வினைஞருக்கும் பாக்தாது நாட்டுக் குயவருக்கும் தென்னாட்டுக் கொல்லருக்கும் விளைவு தெரியும், துகள் தெரியாது. அதனால்தான், கைமாறிக் கைமாறி வந்த அவ்வறிவு ஒரு தலைமுறையில் இடைமுறிந்தபோது, அவ்வாள் செய்யும் முறையும் மறைந்து போயிற்று. காரணம் அறிந்த அறிவு ஏட்டில் நிற்கும். வேறு நாட்டார் வேறு காலத்தில் அதனை மீண்டும் செய்து காணலாம். கைவினையை இகழாமலும் அறிவியலோடு குழப்பாமலும் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுவதே நேர்மையாகும்.

பொன் சிவந்த வரலாறு

பொன்னின் நிறமாற்றத்தை முதன்முதலாக அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலில் புகழ்பெற்ற அவர், 1857ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்தின் முன் பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு குறித்து உரை நிகழ்த்தினார். பொன் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கியபோது, மாணிக்க நிறமுடைய சிவந்த நீர்மம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் பொன் கரைந்துவிடவில்லை என்றும், கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது என்றும் அவர் உணர்ந்தார். ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது அது நீர்மத்தினுள் சிதறித் தெரிந்தது அவருக்குச் சான்றாயிற்று. அதில் சிறிது உப்பைச் சேர்த்தவுடன் சிவப்பு நீலமாக மாறியதையும் அவர் கண்டார்.

இம்மாற்றங்களுக்குரிய விளக்கம் பின்னரே முழுமை பெற்றது. பொன்னிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டவுடன் ஒருங்கே அசைகின்றன. துகள் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவில் இருக்கும்போது அவ்வசைவு பச்சை ஒளியோடு இசைந்து அதனை விழுங்கிக்கொள்கிறது. எஞ்சிய சிவப்பு நம் கண்ணை அடைகிறது. உப்பினால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரளும்போது இவ்விசைவு மாறி, நீல நிறம் தோன்றுகிறது.

அளவினால் நிறம் மாறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. குறைகடத்திப் பொருள்களைச் சில நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கினால் அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் இடநெருக்கடிக்கு உள்ளாகின்றன. காட்மியம் செலினைடுத் துகள் 2 நானோமீட்டர் அளவில் நீல ஒளியையும் 6 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியையும் தருவது இதனாலேயே. இவை குவாண்டம் புள்ளிகள் எனப்படும். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கிய அலெக்சி எகிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவரும் 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வேதியியலில் நானோப் பொருள்கள்

வேதிவினை பெரும்பாலும் பொருளின் புறப்பரப்பிலேயே நிகழ்கிறது. உள்ளே அடைபட்ட அணுவுக்கு வெளியாரோடு உறவில்லை. ஆதலின் புறப்பரப்புக் கூடுந்தோறும் வினையும் கூடும். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு வெல்லக்கட்டி அளவே உள்ள அதனை, பக்கத்துக்கு ஒரு நானோமீட்டர் அளவுள்ள கனசதுரங்களாக வெட்டினால், மொத்தப் புறப்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். அஃதாவது, ஒரு வெல்லக்கட்டிக்குள் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது! துகள் 3 நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்கும்போது அதிலுள்ள அணுக்களில் ஏறத்தாழப் பாதி புறத்தே வந்துவிடுகின்றன.

பொன் எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம்; அதன் மதிப்புக்கே அது காரணம். ஆகவே வினையூக்கியாகப் பொன் பயன்படாது என்றே வேதியியலார் நெடுங்காலம் கருதினர். 1987ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மசதாகே ஹருதாவும் அவர்தம் குழுவினரும் இக்கருத்தை மாற்றினர். உலோக ஆக்சைடுகளின்மீது சில நானோமீட்டர் அளவுள்ள பொன்துகள்களைப் படியச் செய்தபோது, நச்சுக் காற்றான கார்பன் மோனாக்சைடு 0 பாகை செல்சியசுக்கும் மிகக் கீழான குளிரிலேயே கார்பன் டை ஆக்சைடாக மாறியது. கட்டிப் பொன் செய்யாத வேலையை நுண்பொன் செய்தது.

ஊர்திகளின் புகைப்போக்கியில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியும் இக்கொள்கையில் இயங்குவதே. பீங்கான் தேன்கூடு போன்ற அமைப்பின்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் நுண்துகள்கள் பரப்பப்படுகின்றன. விலைமிக்க உலோகம் மிகச் சிறிதளவே செலவாகி, பெரும்பரப்பில் பணிசெய்கிறது.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் தகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தலப்பில் பிரதீப், தம் மாணவர்களோடு, வெள்ளி முதலிய உலோக நானோத் துகள்கள் குளோரின் கொண்ட கரிமச் சேர்மங்களைச் சிதைப்பதை 2003ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்க இவ்வாய்வு வழிவகுத்தது. நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சை அகற்றும் நானோப் பொருளையும் அவர்தம் குழு உருவாக்கியது. உழவரின் கிணற்று நீர் பற்றிய கேள்விக்கு ஆய்வகம் அளித்த மறுமொழி இது.

மருத்துவத்தில் நானோப் பொருள்கள்

முதலில் நோயறிதலைக் காண்போம். கருவுற்றமையை வீட்டிலேயே அறிய உதவும் சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடு, ஃபாரடே கண்ட அதே நுண்பொன்னின் நிறமே. குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பொன்துகளோடு பிணைத்து வைப்பர். தேடப்படும் மூலக்கூறு சிறுநீரில் இருப்பின், பொன்துகள்கள் பட்டையில் ஓரிடத்தில் திரண்டு கோடாகத் தெரிகின்றன. கோவிட் நோயறியப் பயன்பட்ட விரைவுச் சோதனைப் பட்டைகளுள் பலவும் இம்முறையினவே. மின்சாரமும் கருவியும் இல்லாத சிற்றூரிலும் இது பயன்தரும்.

இனி மருந்தினைக் காண்போம். நோயுள்ள இடம் ஒன்று. மருந்து செல்லும் இடம் உடல் முழுவதும். இஃது மருத்துவத்தின் பழைய இடர்ப்பாடு. டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து கட்டியையும் தாக்கும், இதயத்தையும் தளர்விக்கும். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்குமிழ்களாக மூடிக்கொள்வதை ஆராய்ந்தார். லைப்போசோம் எனப்படும் அக்குமிழுக்குள் மருந்தை அடைத்தனுப்பலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. டாக்சோரூபிசினை இவ்வாறு அடைத்த மருந்துக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்கள் இடைவெளி மிக்கவை; ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள குமிழ்கள் அவ்விடைவெளிகளின் வழியே கசிந்து உள்ளே தங்கக்கூடும். நலமான குழாய்களின் சுவர் நெருக்கமானது. ஆங்கு அவை எளிதில் நுழைவதில்லை.

நம் நாட்டு ஏழையருக்கு நானோ மருத்துவம் எத்துணை நெருக்கமானது என்பதை உணர்த்தும் சான்று காலா அசார் நோயாகும். மணல் ஈக்களால் பரவும் இந்நோய் பீகார் மாநிலத்துச் சிற்றூர்களைப் பெரிதும் வாட்டியது. இதற்குரிய ஆம்ஃபோடெரிசின்-பி மருந்து ஆற்றல் மிக்கது. ஆயின் சிறுநீரகத்துக்கு ஊறு செய்வது. முசாபர்பூரில் 412 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இரு முறைகளை ஒப்பிட்டது. பழைய முறையில் ஒன்றுவிட்டு ஒருநாளாக 15 முறை மருந்து ஏற்றப்பட்டது. நோயாளி 29 நாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். புதிய முறையில் அதே மருந்து லைப்போசோமில் அடைத்து ஒரே ஒரு முறை ஏற்றப்பட்டது. ஆறு திங்களுக்குப் பின் குணமடைந்திருந்தோர் பழைய முறையில் 96.3 விழுக்காடு, புதிய முறையில் 95.7 விழுக்காடு. பயன் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தலைவன் ஒருவனுக்கு 29 நாளுக்கும் ஒரு நாளுக்கும் உள்ள வேறுபாடு, அடுப்பு எரிவதற்கும் எரியாமைக்கும் உள்ள வேறுபாடாகும். 2014ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஒழிப்புத் திட்டம் ஒருமுறை ஏற்றும் முறையைக் கைக்கொண்டது.

இதே மருந்தின் பெயரை 2021ஆம் ஆண்டு மே திங்களில் நாடே அறிந்துகொண்டது. கோவிட் நோயிலிருந்து மீண்டோருள் சிலரைக் கருப்புப் பூஞ்சை தாக்கியபோது, லைப்போசோமில் அடைத்த ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. உறவினர்கள் சீட்டைக் கையில் ஏந்தி ஊர் ஊராக அலைந்தனர். நானோ அறிவியல் நூலகத்துப் பொருளன்று. ஒரு வீட்டின் உயிர்ப்பொருள் என்பதை அத்திங்கள் காட்டிற்று. கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அது வேண்டியபோது வேண்டியவர் கைக்கு எட்ட வேண்டும் என்னும் பாடத்தையும் அது புகட்டிற்று.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் நானோக் கொழுப்புத் துகள்களின் துணையால் அமைந்தவையே. எம்.ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் மூலக்கூறு. ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புறை அதனைக் காத்து உயிரணுவுக்குள் சேர்க்கிறது. கடிதம் எவ்வளவு சிறந்ததாயினும் உறையின்றி மழையில் அனுப்ப இயலாது அன்றோ!

எச்சரிக்கை வேண்டும் இடங்கள்

பயனை மட்டும் கூறிக் குறையை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. அளவு மாறின் பண்பு மாறும் என்றால், பெருநிலையில் தீங்கற்ற பொருள் நுண்ணிலையிலும் தீங்கற்றதே எனக் கொள்ள இயலாது என்பது தானே பெறப்படும். இதற்கும் பொன்னே சான்று. 15 நானோமீட்டர் அளவுள்ள பொன்துகள்கள் ஆய்வகத்தில் உயிரணுக்களுக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. அதே பொன்னின் 1.4 நானோமீட்டர் துகள்கள் அவற்றைக் கொன்றன என 2007ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். நீண்ட கரி நானோக் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் இழைகள் போன்று அழற்சியை உண்டாக்கியதை 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று வெளிப்படுத்தியது. உணவுக்கு வெண்மையூட்டச் சேர்க்கப்பட்ட டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் தடைசெய்தது. அதிலுள்ள நானோத் துகள்கள் பற்றிய ஐயமும் அம்முடிவுக்குக் காரணமாயிற்று.

மருந்து நேராக நோயிடத்தையே அடையும் என்னும் பேச்சிலும் மிகை உண்டு. எலிகளிடம் செய்யப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை ஒன்று, செலுத்தப்பட்ட நானோத் துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை நடுநிலை மதிப்பில் 0.7 விழுக்காடே எனக் கணக்கிட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இக்கணக்கு முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. செல்ல வேண்டிய தொலைவைக் காட்டுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், நானோ என்பது புகழுரையும் அன்று, அச்சுறுத்தலும் அன்று. ஓர் அளவு மட்டுமே என்பது விளங்கும். அங்காடியில் 'நானோ' என்னும் முத்திரையோடு ஒரு பொருள் வரும்போது மாணவர்கள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். அது எப்பொருள்? அதன் துகள் எவ்வளவு? பயன்பட்ட பின் அது எங்கே சென்று தங்குகிறது? இம்மூன்றுக்கும் விடை கூறும் பொருள் நம்பத்தக்கது. விடை கூறாதது, எத்துணைப் பழம்பெருமை பேசினும், எத்துணைப் புதுமை காட்டினும், ஏற்கத்தக்கதன்று.

இவ்வினாக்களைத் தமிழிலேயே கேட்க முடியும். தாய்மொழியில் கேட்கத் தெரிந்தவர்க்கே தம் தாய் தந்தையர் உண்ணும் மருந்தைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைக்கவும் இயலும். அறிவியல் மாணவர் தமிழையும் தமிழ் மாணவர் அறிவியலையும் அயலாகக் கருதாதிருப்பின், இப்பணி நம் கல்லூரிகளிலேயே தொடங்கும். கடுகு சிறுத்தால் காரம் குறையாது என்பதோடு நில்லாமல், எவ்வளவு சிறுத்தால் காரம் எவ்வாறு மாறும், அது யாருக்கு மருந்தாகும், யாருக்கு நஞ்சாகும் என்று அளந்து காண்பதே இன்றைய கல்வி நம்மிடம் வேண்டுவதாகும்.